கார்பன் டை ஆக்சைடு கேஸா, வேப்பரா?

பழைய வாத்தியார்: கேஸும் (வாயு) வேப்பரும் (ஆவி) ஒண்ணுதான்னு ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். கூட்டமா வந்து ஆமாம் போட்டிருக்காங்க. வயிறு எரியுது. எந்த வெப்பத்துக்கு மேல போனா எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாதோ, அந்த எல்லைதான் நிலைமாறு வெப்பநிலை. அதுக்கு மேல இருந்தா கேஸ், கீழ இருந்தா வேப்பர். கார்பன் டை ஆக்சைடுக்கு அது 31 டிகிரி. 25 டிகிரி அறையில இருக்கறது வேப்பர். முடிஞ்சது.

கரிச்சட்டி: அடேங்கப்பா. ஏசி போட்டா வேப்பர், அணைச்சா கேஸா சார்?

பழைய வாத்தியார்: 31ஐத் தாண்டினா கேஸ்தான். இளிக்க என்ன இருக்கு? கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு உருளைக்குள்ள 25 டிகிரியில திரவம் இருக்கு. குளிர வைக்காமலே, அழுத்தத்தாலயே திரவமா நிக்குது. ஆக்சிஜனை அறை வெப்பத்துல 150 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அடைச்சாலும் சொட்டுக்கூட தேறாது. அதோட எல்லை மைனஸ் 118. இந்த எல்லை விஷயத்தை வேதியியல்காரர் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869லயே கார்பன் டை ஆக்சைடை வெச்சே காட்டிட்டார்.

கரிச்சட்டி: கேஸ்ங்கற பேரையே உண்டாக்கினவர் 17ஆம் நூற்றாண்டு வேதியியல்காரர் வான் ஹெல்மான்ட். கரியை எரிச்சா வர்றதுக்கு அந்தப் பேரை வெச்சார். அது எது? சாட்சாத் கார்பன் டை ஆக்சைடு!

பழைய வாத்தியார்: அவருக்கு 31 தெரியாது.

நாலாம் பெஞ்ச்: கெட்டில் மூக்குல வெள்ளையா வருதே, அது வேப்பர்தானே?

பழைய வாத்தியார்: அது பொடி நீர்த்துளி தம்பி. ஆவி கண்ணுக்குத் தெரியாது. மூக்கை ஒட்டி வெறுமையா ஒரு இடம் இருக்கும் பாருங்க, ஆவி அங்கதான். பேச்சை மாத்தாதீங்க. 31.

அழுத்தமானி: கொதித்தலும் ஆவியாதலும் சண்டையிலயும் இவர் இப்படித்தான் ஒரு எண்ணைப் பிடிச்சுத் தொங்கினார். அப்ப என் பதிவைப் புகார் பண்ணித் தூக்க வெச்சது யாருன்னு தெரியும்.

பழைய வாத்தியார்: நானில்லை. ஆனா தூக்கினது சரி.

அழுத்தமானி: பார்த்தீங்களா கொழுப்பை!

கரிச்சட்டி: எந்த வேதியியல்காரர் கார்பன் டை ஆக்சைடு வேப்பர்னு வாய் நிறையச் சொல்றார்? நானும் எம்எஸ்சிதான் சார்.

பழைய வாத்தியார்: பட்டத்தைக் காட்டினா வெப்பநிலை மாறாது.

நாலாம் பெஞ்ச்: அறை சரியா 31ல நின்னா?

பழைய வாத்தியார்: துல்லியமா அந்த எல்லை 30.98. அதனால 31ல கேஸ்.

கரிச்சட்டி: அப்ப இவ்வளவு நேரமா 31, 31னு கத்தினது யாரு?

பழைய வாத்தியார்: முழு எண்ணாக்கிச் சொன்னேன். அதுவும் தெரியாத எம்எஸ்சியா?