எழுபது பேர் சந்தோஷப்பட்டது தப்பா?

கடலூர்_ஓடி:
பிரதர்ஸ் ஒரு குழப்பம். எங்க தெருவுல வாராவாரம் வீட்டு ஜெபம் நடத்துறேன், போன மாசம் பக்கத்து வீட்டு அத்தைக்கு நாலு நாளா காய்ச்சல், எண்ணெய் பூசி ஜெபிச்சேன், மறுநாள் காலைல பாத்தா அவங்களே குனிஞ்சு வாசல் தெளிச்சிட்டு இருக்காங்க. அந்த வாரம் பூரா எனக்கு தலைகால் புரியல. ஞாயித்துக்கிழமை பாஸ்டர் பைபிள்ல லூக்கா 10:20 எடுத்தாரு, இயேசு சீஷருங்ககிட்ட சொல்றது, பிசாசு கீழ்ப்படியுதுன்னு சந்தோஷப்படாதீங்க, உங்க பேரு பரலோகத்துல எழுதியிருக்குன்னு சந்தோஷப்படுங்கன்னு. எனக்குன்னே சொன்ன மாதிரி சுருக்குனு இருந்துச்சு. 17ல இயேசு ஊர் ஊரா அனுப்பின எழுபது பேரும் சந்தோஷமாத்தானே திரும்பி வர்றாங்க, 19ல பாம்பு தேளை மிதிக்க அதிகாரமும் குடுத்துட்டு அடுத்த வரியிலயே ஏன் தடுக்கணும்?

வில்லியனூர்காரன்:
எங்க கத்தோலிக்க பைபிள்ல 72 பேர் தம்பி 😀 பழைய கிரேக்க ஏடுகள்லயே சிலதுல 70, சிலதுல 72. 2025 ஜூலை 6 பூசையில இதே வாசகம்தான். இயேசு திட்டலப்பா, 21ஐ படிங்க, அதே நேரத்துல அவரே களிகூர்றாரு, ஞானிகளுக்கு மறைச்சதை குழந்தைகளுக்கு காட்டினதுக்காக. சந்தோஷம் எதுல தொங்குதுன்றதுதான் கேள்வி.

பழையதுறைமுகம்:
9ஆம் அதிகாரத்தையும் சேத்து படிங்கண்ணே. 9:1ல பன்னிரண்டு பேருக்கும் அதிகாரம் குடுக்குறாரு, பின்னாடி அவரையே காட்டிக் குடுத்த யூதாஸும் அதுல ஒரு ஆளு. 9:40ல ஒரு பையனுக்கு பிசாசை துரத்த முடியாம சீஷருங்க முழிக்கிறாங்க. அந்த அதிகாரம் இரவல் சாமான், அதை வெச்சு சந்தோஷப்பட்டா நடக்காத அன்னிக்கு என்ன பண்றது? சீமோன்ற மாயவித்தைக்காரன் இப்படி ஒரு அதிகாரத்தை காசு குடுத்தே வாங்கப் பாத்தான் (அப்போஸ்தலர் 8, நம்ம ஊர்லயும் ஆள் இருக்கு, விடுங்க). ஆனா அதே புத்தகம் 5:41ல இயேசு பேருக்காக அடி வாங்கிட்டு வெளிய வர்ற அப்போஸ்தலருங்க சந்தோஷமா போறாங்க.

பேரு எழுதியிருக்குன்னா என்னன்னு எனக்கு 2011 'தானே' புயல் அப்போதான் தெரியும். நிவாரண லிஸ்ட்டை சுவத்துல ஒட்டுனாங்க, எங்க ஆயாவுக்கு எழுத்து தெரியாது, என் சட்டையைப் புடிச்சிக்கிட்டு பாருடா பாருடாங்குது. நான் விரல் வெச்சு காட்டினதும் அந்த பேப்பரை தடவிக்கிட்டே நின்னுச்சு. வீட்டுல கூரை இல்ல அப்போ.

கடலூர்_ஓடி:
யூதாஸை நான் யோசிச்சதே இல்லண்ணே. அத்தைக்கு நேத்து ராத்திரி மறுபடி காய்ச்சல், ஜெபிச்சேன், இறங்கல. ஜிஎச்ல ரத்த டெஸ்ட் வரிசையில உக்காந்துதான் இதை டைப் பண்றேன், அவங்க என் தோள்ல சாஞ்சு தூங்குறாங்க.