‘ட்யூமர் புரமோட்டர்’: புற்றூக்கியா, கட்டிவளர்ப்பியா?

நண்பர்களுக்கு வணக்கம்.
வலிப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் மருந்தைப் பற்றிய ஆய்வுகளில் ‘ட்யூமர் புரமோட்டர்’ (கட்டிகளைப் பெருகச் செய்யும் பொருள்) என்ற சொல் ஓயாமல் வருகிறது. ‘புற்றூக்கி’ என்று எழுதலாமா?

*

ஐயா, ‘ஊக்கி’ வேண்டாம். வினையூக்கியை எப்போது சேர்த்தாலும் வினை விரைவாகும். இங்கோ முன்பின் மாறினால் விளைவே தலைகீழாகும். 1971-இல் பெரெய்னோ குழுவினர் எலிகளுக்கு அசிட்டைலமினோஃபுளோரீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருளைக் கொடுத்து நிறுத்திவிட்டு, பிறகு ஃபீனோபார்பிட்டாலைத் தீவனத்தில் கலந்தார்கள். கல்லீரல் கட்டிகள் பெருகின. இரண்டையும் சேர்த்தே கொடுத்தபோது குறைந்தன! ஆகவே சொல்லிலேயே வரிசை தெரியவேண்டும்: செல்லில் முதல் மாற்றத்தை உண்டாக்குவது ‘தொடக்கி’, பின்னால் வந்து அதைப் பெருக்குவது ‘வளர்ப்பி’.

‘புற்று’ என்பதும் பொருந்தாது. இதே மருந்தால் எலியின் தைராய்டிலும் கட்டிகள் பெருகுகின்றன; அவற்றில் தீங்கற்ற அடினோமாக்களும் உண்டு. அடினோமாவைச் ‘சுரப்பிக்கட்டி’ என்றும் அடினோகார்சினோமாவைச் ‘சுரப்பித்திசுப் புற்று’ என்றும் பிரித்துக்கொண்டால், இரண்டுக்கும் பொதுவாகக் ‘கட்டிவளர்ப்பி’ நிற்கும். மரபணுவின் செயலைத் தொடக்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதிக்கும் ‘புரமோட்டர்’ என்றே பெயர்; அதோடும் குழம்பாது.

*

‘கட்டிவளர்ப்பி’ நன்று. ஆனால் தைராய்டில் வளர்ப்பது எது? மருந்து கல்லீரலில் குளுக்குரோனைல் டிரான்ஸ்ஃபரேஸ் நொதியைக் கூட்டுகிறது. அந்த நொதியால், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் பித்தத்தோடு வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் அது குறைந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். சுரப்பை ஏற்றுகிறது, அந்த ஓயாத தூண்டலில்தான் தைராய்டு செல்கள் பெருகுகின்றன. கூடவே தைராக்சினும் கொடுத்தால் டி.எஸ்.எச். இறங்கி, மருந்தின் வளர்ப்பு விளைவும் அடங்கிவிடுகிறது. ஆகவே வளர்ப்பி டி.எஸ்.எச்.தானே?

*

சரியான கேள்வி. தைராய்டைப் பொறுத்தவரை மருந்தை ‘மறைமுகக் கட்டிவளர்ப்பி’ என்போம். அந்த அடைமொழியை விட்டுவிட்டால், தூக்கமருந்து தைராய்டையே நேராகத் தாக்குகிறது என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நம் சொல் விளக்கப் பதிவில் ‘எலியில்’ என்ற சொல்லும் கட்டாயம் வேண்டும். மனித இரத்தத்தில் தைராக்சினை இறுகப் பற்றும் புரதம் இருப்பதால் தைராக்சினின் அரைவாழ்வு (அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறத்தாழ ஒரு வாரம். வளர்ந்த எலியில் ஒரு நாளை ஒட்டித்தான். எலியின் தைராய்டு எளிதில் நிலைகுலைவதற்கு இது முக்கியக் காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐ.ஏ.ஆர்.சி. ஃபீனோபார்பிட்டாலை 2பி பிரிவில்தான், அதாவது ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற அளவில்தான், வைத்திருக்கிறது. வலிப்புக்காக அதை உட்கொள்பவர் நம் பதிவைப் படித்துவிட்டு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே சொல் விளக்கத்தை இப்படி எழுதலாம்:

கட்டிவளர்ப்பி: தொடக்கி ஏற்கெனவே மாற்றிவிட்ட செல்களைப் பெருகச் செய்யும் பொருள். எ.கா: எலியின் கல்லீரலில் ஃபீனோபார்பிட்டால்.