பொது இடத்தில் கெட்ட வார்த்தை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாமிரபரணி

போன வாரம், நெல்லையிலிருந்து தென்காசி போகும் பஸ். ஆலங்குளம் தாண்டியிருக்கும். பின் சீட்டுக்காரர் செல்போனில் யாரோடோ பணத் தகராறு. என்னென்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைகள்தான். பஸ் நிறைய ஆள். ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டர் கூட காதில் விழாத மாதிரி டிக்கெட் கொடுத்துக்கொண்டே போனார்.

எட்டு வயது மகள் என் காதோரம் வந்து கேட்டாள்: "போன்ல அந்தப் பக்கம் பேசுறது ஒரு மாமாதானே? அவரோட அம்மாவை ஏன் திட்டுறாங்க? அவங்க என்ன செஞ்சாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. இதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டாமா?

பழைய பைக்

சட்டம் இருக்கிறது அக்கா. நான் அதைத் தேடிப் போனவன்.

ஆவடி பக்கம் சிக்னலில் வண்டி லேசாக உரசிவிட்டது. காரிலிருந்து இறங்கியவர் என்னை விட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு 68 வயது. நேரே ஸ்டேஷனுக்குப் போய், 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று புகார் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் படித்துப் பார்த்தார். "என்ன வார்த்தைன்னு அப்படியே எழுதணும் தம்பி. இல்லேன்னா கோர்ட்ல நிக்காது."

பேனா என் கையில். பக்கத்து பெஞ்சில் அப்பா. எதிரே ஒரு பெண் காவலர். எழுத வேண்டியது மூன்றே சொல், கை நகரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அப்பா, "வா, வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்துவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

கோர்ட் வாசல்

நான் ஒரு தடவை கோர்ட்டில் பார்த்தது. சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு பாட்டியை அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவுதான், ஆனால் மறக்கவில்லை.

பழைய பைக் தம்பி, நீங்கள் எழுந்து வந்திருக்கக் கூடாது. எல்லாருக்கும் பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். பழைய தண்டனைச் சட்டத்தில் 294(பி). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. பொது இடத்திலோ அதன் அருகிலோ, பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் சொல் பேசினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே சிக்கல் 'ஆபாசம்' என்ற சொல்லில்தான். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெறும் வசைச் சொல் இந்தப் பிரிவுக்குப் போதாது, காம உணர்வைத் தூண்டும் தன்மை இருக்க வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் வழக்கிலும், கொச்சையாகப் பேசுவதும் ஆபாசமும் ஒன்றல்ல என்றது. அதனால் இந்த ஒரு பிரிவை மட்டும் நம்பாதீர்கள். சண்டையைத் தூண்டும் நோக்கத்தோடு அவமதித்தால் 352 இருக்கிறது, இரண்டு வருடம் வரை. அப்புறம், புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

காசிமேட்டுக்காரி

கோர்ட் வாசல் சார், இவ்வளவு சொன்னீர்களே, இந்தப் பிரிவில் யார் பெயர் ஏறுகிறது என்று சொல்லவில்லையே.

எங்கள் அம்மா மீன் விற்பவர். ரோட்டோரம் கூடை வைத்ததற்கு, ரோந்து வந்த ஒருவர் அம்மாவை 'டி' போட்டு, அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொல்லி, கூடையைக் காலால் தள்ளினார். வஞ்சிரம் சாக்கடையில் விழுந்தது. அம்மா அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். சரியாக அதே வார்த்தை. உடனே அந்தப் போலீஸ்காரர், "பப்ளிக்ல ஆபாசமா பேசுறியா, கேஸ் போடவா?" என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதலில் சொன்னது அவர்தானே என்று கத்தினேன், யாரும் காது கொடுக்கவில்லை.

தாமிரபரணி அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சட்டத்தை இன்னும் இறுக்கினால் மாட்டுவது எங்கள் சந்தைதான். விடிகாலை ஏலத்தில் எங்கள் ஆட்கள் பேசும் பேச்சில் பாதி உங்களுக்குக் கெட்ட வார்த்தையாகத்தான் கேட்கும். எங்களுக்கு அதில் பாசமும் உண்டு.

கரிசல்

எல்லாரும் கெட்ட வார்த்தையைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னைத் தூங்க விடாத சொல் அந்தப் பட்டியலிலேயே வராது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் வந்தார். கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. என் சாதிப் பெயரைச் சொல்லி, பின்னால் ஒரு 'பய' சேர்த்து, "கொஞ்சம் எந்திரிப்பா" என்றார். மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாக. டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. யாருக்கும் அது வசவாகப் படவில்லை. நான் எழுந்துவிட்டேன்.

இதற்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஆனால் 'திட்டினார்' என்று சாட்சி சொல்ல, அது திட்டு என்று அங்கே ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டுமே. அங்கே இருந்த ஏழு பேர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

தாமிரபரணி

எல்லோருடையதையும் படித்தேன். கரிசல் தம்பி, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த ஆளை உள்ளே தள்ள நான் ஆசைப்படவில்லை. ஒருவராவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்றுதான் இருந்தது. நேற்று அதே பஸ், அதே கண்டக்டர். மனசு கேட்காமல், "அன்னைக்கு நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன். அவர் தொப்பியைத் தூக்கிப் புருவத்துக்கு மேலே இருந்த தையல் தழும்பைக் காட்டினார். "போன வருஷம் சொன்னேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.