மைலேஜ் குறைவுக்கு ஏர் ஃபில்டர் மட்டும்தான் காரணமா?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது பழைய 100 சிசி பைக், கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) வண்டி. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்தது, இரண்டு மாதமாக 48ஐத் தாண்டவில்லை. தினமும் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையில்தான் வேலைக்குப் போகிறேன். நேற்று ஏர் ஃபில்டரைக் கழற்றினால், பேப்பர் மடிப்பே தெரியாத அளவுக்குப் புழுதி.

காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடும், சரி. ஆனால் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்தபோது, இன்ஜெக்ஷன் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை, இழுவைதான் குறைந்தது. வருகிற காற்றுக்கு ஏற்ப இசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் குறைத்துவிடும். பழைய கார்புரேட்டர் காரில்கூட சாதாரண அடைப்பில் வித்தியாசம் 2 முதல் 6 சதவீதம்தான். எனக்கோ 20 சதவீதம் போயிருக்கிறது!

பிளக் நுனியும் கரியாக இருக்கிறது. சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் அடைப்பு) சரியாகத் திறக்கவில்லையா, ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) தேய்ந்துவிட்டதா? பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாகப் பிடிக்கிறது, பிரேக்கும் காரணமாக இருக்குமோ?

மெக்கானிக் அண்ணன் ஃபில்டரே இல்லாமல் நாலு நாள் ஓட்டிப் பார் என்கிறார். அந்தப் புழுதியில் பிஸ்டன் ரிங் என்ன ஆகும்? அப்புறம், பேப்பர் ஃபில்டரை உள்ளிருந்து காற்றடித்து மறுபடி போடலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா? இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் எதைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.