ஜான்ஸ்டன் தீவில் எறும்பை ஒழித்த முறை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஹவாயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் நடுவே இருக்கிறது ஜான்ஸ்டன் பவளத்தீவுச் சரணாலயம். 2010இல் அங்கே மஞ்சள் பைத்திய எறும்புகள் பரவியிருப்பது தெரிந்தது. தரையில் கூடு வைக்கும் கடற்பறவைகளின் கண்ணில் அவை அமிலத்தைப் பீய்ச்சும். கூட்டை விட்டு நகராத பறவை குருடாகிப்போகும். தன்னார்வலர்கள் குழு குழுவாக, மாதக்கணக்கில் கூடாரத்தில் தங்கி விஷ இரை வைத்தார்கள். 2021இல் எறும்பு முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மலைக்க வைக்கும் பொறுமை!

இதே எறும்புதான் 2022இல் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரத்தில் ஆடு மாடுகளைப் படுத்திய பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர் மேய்ச்சல்காரர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இரையில் எதைக் கலந்தார்கள்? நண்டும் பிற பூச்சிகளும் அதைத் தின்னாமல் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? கடைசி எறும்பும் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்தார்கள்? சிறு தீவில் பலித்தது மலைக்காட்டில் அப்படியே பலிக்காது என்றுதான் நினைக்கிறேன். பூச்சியியல் படித்தவர்கள் இதில் கருத்துச் சொன்னால் பெரிய உதவி. ஆங்கிலக் கட்டுரை இருந்தாலும் அனுப்புங்கள், படித்துக்கொள்கிறேன்.