40 ஆயிரத்துக்குள்ள ஹெட்போன் அம்ப் எது நல்லம்? அவசரம், மாமா செவ்வாய் வெளிக்கிடுறார்

கோண்டாவிலான் (சனி, இரவு 10.40)
வணக்கம். புது ஹெட்போன் ஒண்டு கிடைச்சது, சத்தம் காணாது. அம்ப் (சத்தத்தைக் கூட்டிற பெட்டி) போட்டாத்தான் சரிவருமாம் எண்டு கூட்டாளி சொல்லுறான். பட்ஜெற் 40 ஆயிரம் ரூபா, கொஞ்சம் கூடினாலும் பறவாயில்லை. கனடாவில இருந்து மாமா வாறார், செவ்வாய்க்கிழமை பிளேன். அதுக்கு முதல் அவர் ஓடர் பண்ணோணும். எதை வாங்கச் சொல்ல? கெதியாச் சொல்லுங்கோ.

வேம்படிச்சந்தி (10.52)
என்ன ஹெட்போன்? எதில செருகிக் கேக்கிறீங்கள், போனோ லப்டொப்போ?

எஃப்லாக்_பொடியன் (10.55)
அண்ணை, யூரியூப்பில கேட்டா எந்த அம்ப் போட்டும் பிரயோசனம் இல்லை. முதல்ல பாட்டையெல்லாம் எஃப்லாக்குக்கு (தரம் குறையாமல் சுருக்கிற ஃபைல்) மாத்துங்கோ. பிறகு அம்ப் யோசிக்கலாம்.

பழைய_கசற் (11.03)
வல்வ், அதாவது கண்ணாடிக் குழாய் போட்ட அம்ப் தான். மற்றதெல்லாம் தகரச் சத்தம். சீனாவில இருந்து 6ஜே1 குழாய் போட்ட சின்னன் ஒண்டு வருது, 40 ஆயிரத்துக்குக் கிட்டவும் போகாது. இரவில லைற்றை நிப்பாட்டிப்போட்டு அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கோ.

ஓம்_விதி (11.10)
மாசத்துக்கு ரெண்டு பேர் இப்பிடி வாறினம். மருந்துக்கடையில போய் "வருத்தம், மருந்து தாங்கோ" எண்டு கேக்கிற மாதிரி. ஹெட்போனின்ர பேர், ஓம் (கரண்டுக்கு எவ்வளவு தடை), சென்சிற்றிவிற்றி (எவ்வளவு பவருக்கு எவ்வளவு சத்தம்), எதில செருகினது, வொல்யூம் எத்தினையில நிக்குது. இவ்வளவும் இல்லாமல் ஆரும் பதில் சொன்னால் அது சாத்திரம். கசற் அண்ணை, செம்மஞ்சள் வெளிச்சம் காதுக்குக் கேளாது. உந்த 6ஜே1 பெட்டியளில முக்கால்வாசி குழாயைச் சோடினைக்கு வைச்சு, வேலையைச் சின்ன ஐசி சிப்பிட்டக் குடுத்திருக்கும்.

பழைய_கசற் (11.14)
ஆருக்கு என்ன கேக்குது எண்டு நீர் எப்பிடி அறிவீர்?

கோண்டாவிலான் (ஞாயிறு, காலை 7.20)
ஜேர்மன் ஹெட்போன், நல்ல விலை. போனிலயும் போட்டன், லப்டொப்பிலயும் போட்டன். ரெண்டிலயும் காணாது. மாமா இண்டைக்குக் கேப்பார்.

வேம்படிச்சந்தி (7.31)
பேர், தம்பி, பேர். காதுப்பக்கம் எழுதியிருக்கும்.

கோண்டாவிலான் (7.50)
பெயர்டைனமிக். வெளிப்பக்கம் வலை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. ரெலிபோன் வயர் போலச் சுருள் வயர். 250 எண்டு போட்டிருக்கு. போன் சம்சுங், அதில ஹெட்போன் ஓட்டை இல்லை, அப்பிளின்ர சின்ன வெள்ளை வயர் போட்டுத்தான் கேக்கிறன்.

ஓம்_விதி (8.15)
பாத்தீரோ, எல்லாம் இருக்கு, சொல்லத்தான் மனமில்லை. அது டிடி 990 ப்ரோ, 250 ஓம். இனி வடிவா வாசியும்.

ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் எண்டு அதுக்குக் கணக்கு. உம்மட்ட இருக்கிற வெள்ளை வயர் ரெண்டு வகையில வருது. ஐரோப்பாவுக்கு விக்கிறது, ஏ2155, அரை வோல்ற் தான் விடும். மற்ற இடங்களுக்கு விக்கிறது, ஏ2049, ஒரு வோல்ற். அரை வோல்ற்றை 250 ஓமில போட்டால் ஒரு மில்லிவாட், அதாவது உச்சத்தில 96 டெசிபல். ஒரு வோல்ற் எண்டால் 4 மில்லிவாட், 102. பாட்டின்ர சராசரி உச்சத்தை விடப் பதினைஞ்சு இருவது டெசிபல் கீழ நிக்கும், அதுதான் உமக்குச் செத்த சத்தமாக் கேக்குது. அதுக்கு மேல அந்த வயர் கன அண்ட்ராய்டு போனுகளில தன்ர முழு வோல்ற்றையும் தராது.

உச்சம் 110க்குப் போகோணும் எண்டால் 25 மில்லிவாட், கிட்டத்தட்ட 2.5 வோல்ற். அவ்வளவுதான் உமக்குத் தேவை. வாட் கணக்கில எழுதியிருக்கிற பெட்டிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். 32 ஓமில எவ்வளவு தரும் எண்டதை அட்டைப்பெட்டியில பெரிசாப் போடுவாங்கள், நீர் பாக்க வேண்டியது 250 இல்லாட்டி 300 ஓமுக்கு எத்தினை வோல்ற் எண்டு.

எஃப்லாக்_பொடியன் (8.22)
அண்ட்ராய்டுதான் முழு வோல்ற்றை அமத்துது எண்டால், யூஎஸ்பியை நேராப் பிடிக்கிற பிளேயர் ஆப் ஒண்டைப் போட்டா அது சரியாகும். ஆனா எஃப்லாக்...

வேம்படிச்சந்தி (8.25)
320 எம்பி3யையும் எஃப்லாக்கையும் கண்ணைக் கட்டிப்போட்டு ஆரும் மாறி மாறிப் போட, பத்துக்கு எட்டுத்தரம் பிடிச்சுக்காட்டும், பிறகு கதைப்பம். அவர் கேட்டது சத்தத்துக்கு.

ஸ்காபரோ_ஜக் (ஞாயிறு, பின்நேரம் 6.05)
கனடாவில இருக்கிறன், ஒண்டு சொல்லிவிடுறன். இஞ்ச ஆரைக் கேட்டாலும் ஷிட் மக்னி அம்ப், இல்லாட்டி ஜேடிஎஸ் அற்றம் அம்ப் எண்டுதான் சொல்லுவினம். ரெண்டும் நல்ல சாமான். ஆனா ரெண்டுக்கும் வாற அடப்ரர் சாதாரண போன் சார்ஜர் மாதிரி இல்லை, உள்ளுக்க ரான்ஸ்போமர், ஏசி குடுத்தா ஏசி வரும். இஞ்சத்தைக் கடையில வாறது 120 வோல்ற்றுக்கு. அதைக் கோண்டாவிலில 230இல செருகினா புகை வரும். 230 வோல்ற் அடப்ரரைத் தனிய எடுக்கோணும், செவ்வாய்க்கு முதல் அது வாறது கஷ்டம்.

டிசியில ஓடுற பெட்டியாப் பாருங்கோ. ஃபியோ கே11 எண்டால் 12 வோல்ற் டிசி. அடப்ரரைத் திருப்பி, இன்புட் 100-240 எண்டு போட்டிருக்கோ எண்டு மாமாவை வாசிக்கச் சொல்லுங்கோ. டாக்கும் (டிஜிற்றல் பாட்டைச் சத்தமா மாத்திறது) உள்ளுக்கையே இருக்கு, யூஎஸ்பியில லப்டொப்போட நேராக் கொழுவலாம், பெரிய 6.35 ஓட்டையும் இருக்கு. வரேக்க 130 அமெரிக்க டொலர் மட்டில போட்டவை.

ஓம்_விதி (6.20)
நானும் அதைத்தான் சொல்ல இருந்தன். கே11, கெயினை (எத்தினை மடங்கு பெருக்கிறது எண்ட சுவிச்) கூட்டி வைச்சால் 2.5 வோல்ற்றை லேசாத் தாண்டும். அதுக்கு மேல உள்ள கே7 இந்த ஹெட்போனுக்கு வீண் காசு.

வேம்படிச்சந்தி (6.34)
காசு செலவழிக்க முதல் ஒரு கேள்வி. வீட்டில பழைய ஸ்டீரியோ அம்ப் ஏதும் கிடக்கோ? சவூதி, ஜேர்மனி எண்டு போய் வந்த ஆக்கள் கொண்டுவந்த யப்பான் அம்புகள் கன வீடுகளில அலுமாரிக்கு மேல தூசியோட இருக்கும். முன்னுக்குப் பெரிய ஹெட்போன் ஓட்டை இருந்தால் உங்களுக்கு அது காணும். அந்தக் காலத்தில ஸ்பீக்கருக்குப் போறதையே முன்னூறு நானூறு ஓம் ரெசிஸ்ரருக்குள்ளால ஹெட்போனுக்கு எடுத்து விடுவினம். 32 ஓம் ஹெட்போனுக்குத்தான் அது கூடாது. 250க்குப் பிழையில்லை, பேஸ் ஒரு சொட்டுக் கூடும், 990க்கு அது நல்லதும் கூட, மேல்சத்தம் காதைக் குத்துற ஹெட்போன் அது. பெட்டிக்குள்ள திருகிப் பூட்டுற பெரிய முனையும் வந்திருக்கும்.

கோண்டாவிலான் (7.15)
அப்பான்ர ஒண்டு இருக்கு. சவூதியில இருந்து கொண்டுவந்தது. ஓட்டை இருக்கு!!

மானிப்பாய்_வயரிங் (7.18)
பொறுங்கோ, செருக வேண்டாம். சவூதியில முந்தி 127 வோல்ற்றும் இருந்தது. பின்பக்கம் வோல்ற்றேஜ் மாத்திற கட்டை இருக்கும், என்னத்தில நிக்குது எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

கோண்டாவிலான் (7.40)
240இல நிக்குது.

கோண்டாவிலான் (8.30)
வேலை செய்யுது!! நல்ல சத்தம். ஆனா லப்டொப்புக்குச் சார்ஜர் போட்டா "ம்ம்ம்ம்" எண்டு இரையுது. கழட்டினா நிக்குது. இது புது அம்ப் வாங்கினாப் போகுமோ?

மானிப்பாய்_வயரிங் (8.41)
நான் முதலே சொல்ல நினைச்சன், ஏர்த். இந்தப் பக்கத்தில பாதி வீடுகளில ஏர்த் கம்பி எண்டு ஒண்டு மண்ணுக்க நட்டதோட சரி, பிறகு ஆரும் பாக்கிறேல்ல. கோடைக்கு மண் காய, அதுவும் பேருக்குத்தான். ரெண்டையும் ஒரே எக்ஸ்ரென்சன் பலகையில செருகிப் பாருங்கோ.

எஃப்லாக்_பொடியன் (8.44)
சார்ஜரின்ர ஏர்த் பின்னை எடுத்துவிட்டா இரைச்சல் போகும் எண்டு வீடியோ ஒண்டில பாத்தன்.

மானிப்பாய்_வயரிங் (8.46)
அந்த வீடியோவை அழிச்சுப்போட்டு வாரும். ஏர்த் பின்னை வெட்டினா இரைச்சல் போகும், ஒருநாள் ஆளும் போகும். பேனை மூடியை ஏர்த் ஓட்டைக்க விட்டு ரெண்டு பின் பிளக்கைச் செருகிற பழக்கத்தாலதான் எல்லாரும் அந்தப் பின் சும்மா நிக்குது எண்டு நினைக்கிறியள்.

வேம்படிச்சந்தி (8.52)
சுகமான வழி, கேக்கேக்க லப்டொப்பைப் பற்றரியில விடுங்கோ. இல்லாட்டி புளூடூத் ரிசீவர் ஒண்டை அம்புக்குப் பின்னால கொழுவி, போனில இருந்து அனுப்புங்கோ. லப்டொப்புக்கும் அம்புக்கும் இடையில கம்பித் தொடர்பே இல்லை எண்டால் இரைய வழியில்லை. கே11 வாங்கினாலும் அதில ஒப்ரிக்கல் (வெளிச்சத்தால பாட்டு வாற) ஓட்டை இருக்கு, அதுவும் அப்பிடித்தான்.

பழைய_கசற் (9.10)
இரைச்சலுக்கு இவ்வளவு துள்ளுறியள். 90க்குப் பிறகு யுத்தத்தால யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தித்தான் பாட்டுக் கேட்டனாங்கள். ஒருத்தர் கையால பெடலைச் சுத்த, நாலு பேர் ரேடியோவைச் சுத்தி இருந்தவை. அந்தச் சத்தத்துக்கு உங்கட டாக்கு கிட்ட வராது.

ஓம்_விதி (9.16)
டைனமோ தாறது ஏசி. டயோட்டும் கண்டென்சரும் போடாமல் ரேடியோவுக்குக் குடுத்தால் சுத்துற வேகத்துக்கு இரைச்சல் ஏறி இறங்கும். அதுதானோ அந்த இனிமை?

பழைய_கசற் (9.20)
எங்கட வீட்டில டயோட் இல்லாமலே ஓடினது.

ஓம்_விதி (9.21)
ஓடியிராது.

மானிப்பாய்_வயரிங் (9.27)
ஆரோ டயோட் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கிறது) அடிச்சுக் குடுத்திருப்பினம், கசற் அண்ணைக்குத் தெரிஞ்சிராது. எங்கட அப்பா பழைய ரேடியோவில கழட்டின நாலு டயோட்டை இதுக்கெண்டே பாவிச்சவர். சைக்கிள் டைனமோ 6 வோல்ற் 3 வாட். ஓம்_விதியின்ர கணக்கைப் பாத்தால், ரெண்டு காதுக்கும் சேத்து, அந்த 3 வாட்டில 990ஐ அறுபது பேர் உச்சச் சத்தத்தில கேக்கலாம்.

பழைய_கசற் (9.33)
டயோட் இருந்திருந்தா எனக்குத் தெரியாதோ? சுத்தினது நான்.

வேம்படிச்சந்தி (9.40)
சுத்தினவருக்குப் பாட்டுக் கேட்டிருக்குமோ எண்டதே சந்தேகம். கோண்டாவிலான், இன்னொண்டு. அது திறந்த முதுகு ஹெட்போன், சத்தம் வெளியால போகும். இரவில பக்கத்தில படுக்கிற ஆளுக்கும் பாட்டுக் கேக்கும், இப்ப அம்பும் வந்தபடியா வடிவாவே கேக்கும்.

ஸ்காபரோ_ஜக் (திங்கள், காலை 8.00)
இஞ்ச இன்னும் ஞாயிறு இரவு. மாமா ஓடர் போடுறதெண்டால் இப்ப போடோணும். போட்டாச்சோ?

ஸ்காபரோ_ஜக் (திங்கள், இரவு 9.30)
ஹலோ?

எஃப்லாக்_பொடியன் (திங்கள், இரவு 9.45)
ஆள் பாட்டுக் கேக்குது போல.

கோண்டாவிலான் (வெள்ளி, மாலை 5.12)
நன்றி எல்லாருக்கும். மாமா வந்திட்டார், அம்ப் வாங்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அப்பான்ர அம்பே காணும், லப்டொப்பைப் பற்றரியில விட்டுத்தான் கேக்கிறன். வொல்யூம் கட்டையைத் திருப்பேக்க மட்டும் கரகர எண்டுது, அதுக்கு என்ன செய்ய? அப்பாவும் இப்ப தனக்கு ஒரு ஹெட்போன் வேணும் எண்டு நிக்கிறார்.

மானிப்பாய்_வயரிங் (வெள்ளி, 5.30)
பிளக்கைக் கழட்டிப்போட்டு, ஒரு கிழமை விட்டுத் திறவும், கண்டென்சருக்க கரண்ட் நிக்கும். இல்லாட்டித் தெரிஞ்ச ஆளிட்டக் குடும். வொல்யூம் கட்டைக்குள்ள கொன்ராக்ற் கிளீனர் அடிச்சு, இருவது முப்பது தரம் அங்கால இங்கால திருப்பினாச் சரி. டபிள்யூடி40 அடிச்சிராதேயும், அதுக்கெண்டு விக்கிற கிளீனரைத்தான் கேட்டு வாங்கும்.

ஓம்_விதி (5.48)
அப்பாவுக்கு எத்தினை ஓம் ஹெட்போன்?

பழைய_கசற் (6.02)
தம்பி, அந்த அம்பை எப்பவாவது விக்கிறதெண்டால் முதல்ல எனக்குச் சொல்லும்.