இந்த வருடக் கண்டுபிடிப்பு எலிசபெத் காட்டன்: தந்தியை மாற்றினாரா இல்லையா?

தலைகீழ்கிட்டார்:
இந்த ஒரு வருடத்தில் தேடிக் கேட்ட பழைய நாட்டார் இசையில் என்னை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டவர் எலிசபெத் காட்டன், அமெரிக்கக் கிட்டார் பாடகி. அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட், மாலி நாட்டுக் கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா டூரே எல்லாம் அப்புறம்தான். நேற்று வேறொரு இழையில் கம்பிமாமா, "காட்டன் இடது கைக்காரர், அதனால் தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவர் ஒரு தந்தியைக்கூட மாற்றவில்லை. வலது கைக் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்தார்: மெல்லிய தந்தி மேலே, தடித்த தந்தி கீழே.

கம்பிமாமா:
தூக்கம் கெட்டதற்கு நான் பொறுப்பில்லை. காட்டனுடைய பாட்டு "ஃப்ரைட் ட்ரெயின்" முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா? பேஸ், அதாவது தடித்த தந்தியின் தாழ்ந்த சுரம், கடிகாரம் மாதிரி விழுகிறது. கட்டைவிரல் இல்லாமல் அப்படி விழாது. இருபது வருடமாக விரலால் மீட்டி வாசிக்கிறவன் சொல்கிறேன். கட்டைவிரல் பேஸில் விழ வேண்டுமானால் தடித்த தந்தி மேலே இருக்க வேண்டும். ஆகவே மாற்றிக் கட்டியிருக்கிறார். இடது கைக்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செய்யவில்லையா?

தலைகீழ்கிட்டார்:
ஹெண்ட்ரிக்ஸ் செய்தார். இன்னொரு இடது கைக்காரர், ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் செய்யவில்லை. அவரை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள், வசதிப்படவில்லையோ?

நாட்டார் பாடகர் பீட் சீகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காட்டன் வாசிக்கும் படப்பதிவு இருக்கிறது. கண்ணைத் திறந்து பாருங்கள். மீட்டுவது இடது கை. கட்டைவிரல் மேலே இருக்கும் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கிறது. ஆள்காட்டி விரல் கீழே தடித்த தந்திகளில் மாறி மாறி பேஸ் போடுகிறது. நான் என் கிட்டாரையே திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். சி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வழக்கமாக மோதிர விரல் மேலேயும் ஆள்காட்டி விரல் கீழேயும் நிற்கும். இங்கே ஆள்காட்டி விரல் மேலே ஏறிவிடுகிறது, மோதிர விரல் அடியில் போய்த் தடித்த தந்தியைத் தேடுகிறது. மூன்று நாளாயிற்று ஒரு கார்டு சுத்தமாக ஒலிக்க. அந்தம்மா இதைச் சின்ன வயதில் யாரும் சொல்லித்தராமல் செய்திருக்கிறார்.

பாஞ்சோப்பித்தன்:
தலைகீழ்கிட்டார் சொல்வதுதான் சரி. காட்டன் முதலில் பழகியது அண்ணனுடைய பாஞ்சோவில். அடுத்தவர் கருவியில் தந்தியை மாற்றிக் கட்ட முடியுமா? அண்ணன் விடுவாரா?

கம்பிமாமா:
பாஞ்சோ அண்ணனுடையது. கிட்டார்? வீட்டு வேலை செய்து சேர்த்த சொந்தக் காசில் வாங்கியது. சொந்தக் கிட்டாரில் மாற்றிக் கட்ட யாரைக் கேட்க வேண்டும்? பாதிக் கதையைச் சொல்லிவிட்டு ஓடாதீர்கள்.

பாஞ்சோப்பித்தன்:
பழகிய கை பழகியதுதான். இதுகூடத் தெரியாமல் இருபது வருட அனுபவம் வேறு.

மழைத்தட்டு:
எனக்கு இந்தக் "கண்டுபிடிப்பு" என்ற வார்த்தையே உறுத்துகிறது. ஜான் ஹர்ட் 1928இல் பதிவு செய்தார். 1963இல் அவரைக் "கண்டுபிடித்தார்கள்". தன் ஊர் அவலான் என்று பாட்டிலேயே சொல்லி வைத்திருந்தார் மனுஷன். அவர் எங்கேயும் தொலையவில்லை, அங்கேதான் இருந்தார்.

தலைகீழ்கிட்டார்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு தந்தியைப் பற்றி.

பாஞ்சோப்பித்தன்:
மழைத்தட்டு, அலி ஃபர்கா டூரே அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரைக் கேட்டுத்தான் வாசிக்கக் கற்றார் என்று போன தடவை எழுதியவர் நீங்கள்தானே? மறக்கவில்லை.

மழைத்தட்டு:
ஹூக்கரைக் கேட்டார் என்றுதான் எழுதினேன். "கற்றார்" என்பது நீங்கள் சேர்த்தது. அன்றைக்கும் இதைத்தான் செய்தீர்கள்.

பாஞ்சோப்பித்தன்:
ஹூக்கரைக் கேட்டபோது இது எங்கள் மண்ணின் இசையாயிற்றே என்று டூரே சொன்னதை ஏன் எழுதவில்லை? ஒற்றைத் தந்திக் கருவியில் தொடங்கியவர் அவர்.

கம்பிமாமா:
மாலி வரைக்கும் போய்விட்டீர்களா? நல்லது. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். "ஃப்ரைட் ட்ரெயின்" எனக்கு அறிமுகமானது 1957இல் பிரிட்டனில் ஹிட்டான நான்சி விஸ்கியின் குரலில். அதில் இருக்கிற துள்ளல் காட்டனிடம் இல்லை.

தலைகீழ்கிட்டார்:
இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குப் படுவது? பதினொன்று, பன்னிரண்டு வயதில் காட்டன் கட்டிய பாட்டு அது. பீட் சீகருடைய அப்பா வீட்டில் அவர் வேலை செய்தபோது அந்த வீட்டுப் பெண் பெகி கற்றுக்கொண்டு போய் இங்கிலாந்தில் பாடினார். அந்த 1957 தட்டில் காட்டன் பெயர் இல்லை, வேறு இருவர் பெயர் இருந்தது. அவருடைய சொந்த இசைத்தட்டு 1958இல்தான் வந்தது, பெகியின் அண்ணன் மைக் சீகர் பதிவு செய்தது. அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. துள்ளலாம் துள்ளல்! காட்டனுடைய பேஸில் நடை இருக்கிறது, அவசரமே இல்லாத நடை. அந்த நடை ஆள்காட்டி விரலிலிருந்து வருவது. கட்டைவிரலில் வாசிப்பவர்களுக்கு அழுத்தம் பேஸில் விழும். இவருக்கு மெட்டில் விழுகிறது. கண்ணை மூடிக் கேட்டாலே தெரியும், படமே வேண்டாம்.

கம்பிமாமா:
கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னீர்கள், இப்போது மூடச் சொல்கிறீர்கள். முடிவு செய்யுங்கள். அந்தப் படமே இடவலம் மாறிப் பதிவாகியிருக்கலாம்.

தலைகீழ்கிட்டார்:
அப்படியானால் காட்டன் வலது கைக்காரர் ஆகிவிடுவாரே? இடது கைக்காரர் என்று நேற்று எழுதியது யார்? உங்கள் வாதத்தை நீங்களே தின்றுவிட்டீர்கள்.

மழைத்தட்டு:
பாஞ்சோப்பித்தன் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

கம்பிமாமா:
தந்தியை மாற்றிக் கட்டினார் என்பது எனக்குக் கற்றுத்தந்தவர் சொன்னது. அவர் வாசித்த வாசிப்புக்கு நீங்கள் பக்கத்தில் நிற்க முடியாது.

தலைகீழ்கிட்டார்:
அவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் காட்டனின் கிட்டாரில் தந்தி மாறாது. முதல் அடியிலிருந்து மறுபடி பாருங்கள். பேஸ் ஆள்காட்டி விரல்.

கம்பிமாமா:
பார்த்தேன். கட்டைவிரல்.